குப்பியில் இருப்பது மருந்தா, நஞ்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில், சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். மொத்தம் ஆறு பேர். எல்லாரும் பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்கள். வீட்டில் பேசுவது கிரியோல், ஆட்டம் மட்டும் தமிழில். கதையை நடத்தும் டி.எம். நான்தான். என் தம்பியின் பிள்ளைகள் இருவருக்கு நான் அத்தை, மற்றவர்களுக்கு அக்கா. இந்த மேசையில் திரும்பத் திரும்ப வாக்குவாதம் வரும் இடம் ஒன்று உண்டு. பாழடைந்த கோட்டையில் ஒரு குப்பி கிடைக்கும். அதைக் குடிக்கலாமா, கூடாதா? அப்படி வந்த கேள்விகளுக்கான பதில்கள்தான் இவை.

எந்த விதிப்படி பதில் சொல்கிறீர்கள்?

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி. 2024-இல் திருத்திய பதிப்பு வந்துவிட்டது. அதில் மருந்து குடிக்க உங்கள் முறையின் முழுச் செயலைச் செலவழிக்க வேண்டாம், கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் செயலே போதும். எங்களிடம் இருப்பவை பழைய புத்தகங்கள் என்பதால் எண்களை அவற்றிலிருந்தே தருகிறேன்.

கண்டெடுத்த குப்பியில் என்ன இருக்கிறது என்று அறிய எளிய வழி எது?

நாக்கு. பலருக்கு இது தெரிவதில்லை. மற்ற மாயப் பொருள்கள் என்றால் கையில் வைத்துக்கொண்டு ஒரு குறு ஓய்வு, அதாவது குறைந்தது ஒரு மணி நேரம், அதிலேயே கவனமாக இருக்க வேண்டும். ஓய்வு முடியும்போது அதன் குணம் தெரியும். மாய மருந்துக்கு மட்டும் விதியே விலக்குத் தருகிறது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் போதும், சுவைத்தவருக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். பகடை உருட்ட வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

"அப்படியென்றால் எல்லாக் குப்பியையும் நக்கிப் பார்த்துவிடலாமே அத்தை?" என்று பெரியவன் கேட்டான். கிடைத்தது மாய மருந்துதான் என்று உறுதியாகத் தெரிந்தால் அப்படிச் செய்யலாம். ஆனால் குப்பியில் இருப்பதெல்லாம் மருந்து என்று யார் சொன்னது?

நாக்கில் வைத்தது நஞ்சாக இருந்துவிட்டால்?

உள்ளே போனால்தான் வேலை செய்யும் நஞ்சுகளுக்கு விதி தெளிவாக இருக்கிறது. ஒரு முழு அளவையும் விழுங்கினால்தான் முழு விளைவு. கொஞ்சமாகப் போயிருந்தால் டி.எம். விளைவைக் குறைக்கலாம். ஆபத்தைத் தாங்குகிறோமா என்று பார்க்கும் தாங்கும் உருட்டலில் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ள விடலாம், அல்லது உருட்டலில் தோற்றாலும் பாதிச் சேதம் மட்டும் தரலாம். என் மேசையில் ஒரு சொட்டுக்கு நான் சேதம் தருவதே இல்லை. நாக்கு மரத்துப்போகும், உதடு எரியும், தொண்டை இறுகும். அந்த எச்சரிக்கையை ஆடுபவர் தன் உழைப்பால் சம்பாதித்திருக்கிறார். அதற்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த முறை யாரும் எதையும் சோதிக்க மாட்டார்கள்.

தொட்டாலே தாக்கும் நஞ்சு என்றால் கதை வேறு. குப்பியின் வெளிப்புறத்திலோ மூடியிலோ அது தடவப்பட்டிருந்தால் நாக்கு வரை போக வேண்டியதில்லை. கையுறை போடுங்கள்.

ஐடென்டிஃபை மந்திரம் இருந்தால் போதாதா?

பாதி வேலைக்குப் போதும். பொருளை அடையாளம் காட்டும் அது முதல் நிலை மந்திரம். மந்திரவாதிக்கும் பாணருக்கும் உண்டு. குறைந்தது 100 பொற்காசு மதிப்புள்ள ஒரு முத்தும் ஓர் ஆந்தை இறகும் கையில் வேண்டும். முத்து செலவாகிவிடாது, ஒருமுறை வாங்கினால் போதும். பொருளைத் தொட்டபடி ஒரு நிமிடம் ஓத வேண்டும். சடங்காகச் செய்தால் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் மந்திரம் ஓத அளவாகக் கிடைக்கும் மந்திர இடம் செலவாகாது. அவசரம் இல்லாத நேரத்தில் சடங்குதான் நல்லது.

மீதிப் பாதி என்னவென்றால், இந்த மந்திரம் மாயப் பொருளின் குணத்தைத்தான் சொல்லும். பாம்பிலிருந்து எடுத்த சாதாரண நஞ்சு மாயப் பொருள் அல்ல. அதன்மேல் ஐடென்டிஃபை ஓதினால் "இதில் மாயம் இல்லை" என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. மாயம் இல்லை என்று கேட்டதும் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த ஒரு கதாபாத்திரத்தை எங்கள் ஆட்டத்தில் இழந்திருக்கிறோம். அன்று அந்த மேசை அமைதியான விதம் இன்னும் நினைவில் இருக்கிறது.

டிடெக்ட் மேஜிக், டிடெக்ட் பாய்சன் இரண்டில் எதைத் தயார் செய்வது?

ஒன்றைத்தான் தயார் செய்ய முடியும் என்றால் நஞ்சைக் கண்டறியும் டிடெக்ட் பாய்சனை எடுங்கள். கிளெரிக், டுரூயிட், பாலடின், ரேஞ்சர் ஆகிய பாத்திர வகைகளுக்கு அது உண்டு. ஒரு யூ மர இலை வேண்டும். முப்பதடிக்குள் இருக்கும் நஞ்சு, நச்சு உயிர், நோய் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பத்து நிமிடம் வரை உணரலாம், என்ன வகை என்றும் தெரியும். விருந்து மேசையில் உட்காருமுன் சடங்காகச் செய்துவிட்டு உள்ளே போகலாம்.

மாயத்தைக் கண்டறியும் டிடெக்ட் மேஜிக்குக்கும் அதே முப்பதடி, அதே பத்து நிமிடம். குப்பியைச் சுற்றி மங்கலான ஒளி தெரியும், அது மாற்றுருவம், மாயத்தோற்றம் போன்ற எந்த மந்திரப் பிரிவைச் சேர்ந்தது என்றும் தெரியும். குணம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே தடைகள்தான்: ஓரடிக் கல், ஓரங்குலச் சாதாரண உலோகம், மூன்றடி மரம் அல்லது மண், மெல்லிய ஈயத் தகடு. ஈயப் பெட்டிக்குள் குப்பி கிடைத்தால் எங்கள் பிள்ளைகள் உடனே பின்வாங்குவார்கள். யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்பதற்குப் பெட்டியே சாட்சி.

இரண்டும் சேர்ந்தால் பலம் அதிகம். மாயமும் உண்டு, நஞ்சும் உண்டு என்றால் நல்லது அல்ல. மாயம் மட்டும் என்றால் ஒரு சொட்டு சுவைக்கலாம். நஞ்சு மட்டும் என்றால் மூடிப் பத்திரமாக வையுங்கள், விற்கலாம். இரண்டும் இல்லையென்றால் பழைய ரம்மாக இருக்கலாம்.

பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடிய மருந்துகள் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு வரி வர்ணனை இருக்கிறது. அதை வாசித்துக் காட்டாமல் நம் ஊர்க் கண்ணால் சொல்லிப் பாருங்கள்.

ஏறும் மருந்து பழுப்பு, வெள்ளி, சாம்பல் நிற அடுக்குகளாக, பாறை வரிகளைப் போல இருக்கும். நான் சொல்வது: "சமாரல் ஏழு வண்ண மண்ணைக் குப்பிக்குள் படிய வைத்தது போல இருக்கிறது." மேசையில் எல்லாரும் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போனவர்கள், உடனே கண்முன் வந்துவிடும். ஆவியுருவ மருந்தின் குப்பிக்குள் இருப்பது பனி, ஆனால் தண்ணீர் போல ஊற்றலாம். அதற்குப் பனி மூடிய கியூர்பிப் ஊரின் குளிர்காலக் காலை. நீருக்குள் மூச்சுவிடும் மருந்து கலங்கிய பச்சை, கடல் வாசம் அடிக்கும், உள்ளே ஜெல்லிமீன் போல ஒரு குமிழி மிதக்கும். பிளிக் அன் பிளாக் கடற்கரையில் கால் நனைத்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மறையும் மருந்தின் குப்பி காலியாகத் தெரியும், கையில் எடுத்தால் கனக்கும். ஆகவே காலிக் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள், ஆட்டிப் பாருங்கள். பறக்கும் மருந்து தெளிவான திரவம், குப்பியின் மேல்பக்கத்தில் மிதக்கும், வெள்ளை மேகத் துகள்கள் அதில் அலையும். வீரம் தரும் நீல மருந்து கொதிப்பது போலக் குமிழி விட்டு ஆவி கிளப்பும். வேகம் தருவது மஞ்சள், கறுப்புக் கோடுகளோடு தானாகவே சுழலும். குணமாக்கும் மருந்து சிவப்பு, குலுக்கினால் மினுங்கும்.

குழப்புவது ஒரு ஜோடி. வளரும் மருந்தில் சிவப்பு ஒரு சிறு மணியிலிருந்து விரிந்து, பிறகு சுருங்கும். குறுகும் மருந்தில் சுருங்கி, பிறகு விரியும். நடுவில் எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், குலுக்கினாலும் நிற்காது. எங்கள் மேசையில் ஒரு சொந்த விதி வைத்திருக்கிறோம்: வளரும் மருந்தில் விரிவது மெதுவாக, சுருங்குவது சட்டென்று, குறுகும் மருந்தில் நேர் எதிர். பொறுமையாக உட்கார்ந்து பத்து மூச்சு பார்த்தவருக்குத் தெரியும்.

வாசனை, சுவையைத் தமிழில் எப்படி வர்ணிப்பது?

இங்கேதான் தமிழில் ஆடுவதன் பலன் எனக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் பிள்ளைகள் "நல்ல டேஸ்ட்", "மோசமான டேஸ்ட்" என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள், நஞ்சுக்கு ஒரே சொல், கிரியோலில் "ப்வாசோன்". நமக்கு அறுசுவை இருக்கிறதே என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டினேன்: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு. அப்புறம் குணமாக்கும் மருந்துகளுக்கெல்லாம் முதலில் இனிப்பு, முடிவில் மெல்லிய துவர்ப்பு என்று நானே ஒரு வழக்கம் வைத்தேன். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தது போல என்று சொன்னால் பெரியவர்களுக்குப் புரியும். மாற்றுருவப் பிரிவு மருந்துக்கு உவர்ப்பு. மாயத்தோற்றப் பிரிவு மருந்துக்கு எந்தச் சுவையும் ஒட்டாது, விழுங்கியதும் மறந்துபோகும்.

மூன்று வாரத்தில் அவர்கள் பேசும் விதமே மாறியது. "கைப்பு இருக்கிறது, ஆனால் பாகற்காய்க் கைப்பு இல்லை, மாத்திரைக் கைப்பு" என்று சின்னவள் சொன்ன நாளில் பகடையே உருட்டாமல் அவளுக்குப் பதிலைச் சொல்லிவிட்டேன்.

முகர்வதற்கும் இடம் கொடுங்கள். போர்ட் லூயிஸ் நடுச் சந்தையில் திசான் மூலிகை விற்கும் கடைகளில் நின்றவர்களுக்குத் தெரியும், காய்ந்த இலைக்கட்டுகளை மூக்கருகே கொண்டுபோய்த்தான் பெரியவர்கள் வாங்குவார்கள். வயிற்றுக் கோளாறுக்குப் போடும் அயாபானா இலையைக் கசக்கி முகர்ந்தவர் அந்த வாசனையை மறக்க மாட்டார். ஆட்டத்தில் வரும் மருத்துவச்சியையும் அப்படி ஒரு கடையில் உட்கார வைத்திருக்கிறேன்.

குணமாக்கும் மருந்து போலவே இருக்கும் நஞ்சு என்கிறார்களே, அது என்ன?

ஆட்டத்திலேயே கொடுமையான குப்பி அது. புத்தகத்தில் அதன் பெயர் போஷன் ஆஃப் பாய்சன். பார்க்கவும் முகரவும் சுவைக்கவும் குணமாக்கும் மருந்து அல்லது வேறு நல்ல மருந்து போலவே இருக்கும், ஏனென்றால் நஞ்சை மாயத்தோற்றம் மூடியிருக்கிறது. மேலே சொன்ன நாக்குச் சோதனை இங்கே பொய் சொல்லும். ஐடென்டிஃபை ஓதினால் உண்மை வெளிப்படும் என்று விதி நேராகச் சொல்கிறது.

குடித்தவுடன் ஆறுமுகப் பகடை மூன்று உருட்டி அந்தச் சேதம், சராசரியாகப் பத்துக்கு மேல். முதல் நிலை மந்திரவாதியின் மொத்த உயிர்ப்புள்ளியே எட்டு இருக்கலாம். கூடவே உடல்வலு உருட்டலில் 13 எடுக்காவிட்டால் நச்சு நிலை தொடங்கும். ஒவ்வொரு தடவை உங்கள் முறை தொடங்கும்போதும் மறுபடி அதே மூன்று பகடை. முறையின் முடிவில் ஒருமுறை உருட்டி வென்றால் ஒரு பகடை குறையும். மூன்று முறை வென்றால்தான் முழுக்க விடுபடலாம்.

இதன் நிஜக் கொடுமை வேறு இடத்தில் இருக்கிறது. தோழன் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி விழுந்து கிடக்கிறான், நீங்கள் பதறி ஓடி இந்தக் குப்பியை அவன் வாயில் ஊற்றுகிறீர்கள். பூஜ்யத்தில் இருப்பவருக்குச் சேதம் விழுந்தால், பிழைப்பாரா என்று பார்க்கும் மரண உருட்டலில் ஒரு தோல்வி என்று கணக்கு. ஊற்றியதும் ஒன்று, நச்சு நிலை பிடித்துவிட்டால் அவனுடைய அடுத்த முறை தொடங்கும்போது இன்னொன்று, அதற்கடுத்து மூன்றாவது. மூன்று தோல்வி என்றால் மரணம். காப்பாற்றப் போன கையாலேயே முடிந்துவிடும். ஆகவே அவசரத்துக்கு வைத்திருக்கும் மருந்துகளை முன்கூட்டியே, முகாமில் உட்கார்ந்திருக்கும்போதே ஐடென்டிஃபை சடங்கில் சோதித்து, சரிபார்த்தவற்றுக்கு ஒரு நூல் கட்டி வையுங்கள். எங்கள் குழுவில் சிவப்பு நூல் கட்டாத குப்பி யார் வாயருகேயும் போகாது.

அந்த நஞ்சை டிடெக்ட் பாய்சன் காட்டுமா?

என் மேசையில் காட்டும். அது நஞ்சு என்று விதியே சொல்கிறது. மாயத்தோற்றம் மறைப்பது நிறத்தையும் வாசத்தையும் சுவையையும்தான். டிடெக்ட் மேஜிக் போட்டால் மாயத்தோற்றப் பிரிவின் ஒளி தெரியும் என்றும் வைத்திருக்கிறேன். வேறு டி.எம். வேறு மாதிரி முடிவு செய்யலாம். எதுவானாலும் ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மந்திரமே இல்லாத குழு என்ன செய்யும்?

விசாரிக்கும். குப்பி எங்கே கிடந்தது, பக்கத்தில் யார் செத்துக் கிடந்தார்கள், மூடி உடைந்திருக்கிறதா, அளவு குறைந்திருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குச் செலவே இல்லை. நஞ்சுக் கருவிப்பெட்டியோ ரசவாதக் கருவிகளோ தலா 50 பொற்காசு, மூலிகைப் பெட்டி 5 காசுதான். அவற்றில் பழக்கம் உள்ளவர் உருட்டலில் தன் தேர்ச்சிப் புள்ளியைக் கூட்டிக்கொள்ளலாம். சீட்டு ஒட்டியிருந்தால் படியுங்கள். நான் சீட்டுகளில் தமிழ் எண்களை எழுதுவேன். நம் ரூபாய்த் தாள்களில் அவை அச்சாகியிருப்பதால் பிள்ளைகளுக்கு ௫௦, ௧௦௦ எல்லாம் கைவந்த பாடம். ஐம்பது காசு மருந்து என்று போட்டிருந்து நூறு காசு நஞ்சு உள்ளே இருந்தால் அது யார் எழுதிய சீட்டு என்ற கேள்வியிலேயே ஒரு மாலை ஓடிவிடும்.

நஞ்சில் எத்தனை வகை?

நான்கு: தொட்டால் பிடிப்பது, விழுங்கினால் பிடிப்பது, மூச்சில் பிடிப்பது, காயத்தில் பிடிப்பது. குப்பியில் கிடைப்பது எந்த வகை என்று தெரியாமல் திறக்காதீர்கள். மூச்சு வகைக்குத் திறப்பதே போதும்.

எனக்குப் பிடித்தது நள்ளிரவுக் கண்ணீர் என்னும் மிட்நைட் டியர்ஸ். விழுங்கியவருக்கு நள்ளிரவு வரை ஒன்றும் ஆகாது. மணி அடித்ததும் உடல்வலு உருட்டலில் 17 வேண்டும், தவறினால் ஆறுமுகப் பகடை ஒன்பது, வென்றாலும் பாதி. விலை 1500 பொற்காசு. மதிய விருந்தில் கொடுத்துவிட்டுக் கொலையாளி ஊரைவிட்டே போய்விடலாம். ஆனால் நள்ளிரவுக்குள் முறித்துவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் விதி. கண்டுபிடிக்கவும் ஓடவும் நேரம் தருகிற நஞ்சு என்பதால்தான் அதை நல்ல நஞ்சு என்கிறேன்.

குடித்துவிட்டேன். இப்போது என்ன?

பாலடின் இருந்தால் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். குணமாக்கும் தொகுப்பிலிருந்து 5 புள்ளி செலவழித்தால் ஒரு நஞ்சு முறியும். லெசர் ரெஸ்டோரேஷன் நச்சு நிலையை நீக்கும். புரொடக்‌ஷன் ஃப்ரம் பாய்சன் ஒரு நஞ்சை முறித்து, ஒரு மணி நேரம் காவலும் தரும். இரண்டும் இரண்டாம் நிலை மந்திரங்கள்.

50 காசு நஞ்சுமுறிப்பானைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது உள்ளே போன நஞ்சை அழிக்காது. ஒரு மணி நேரத்துக்கு நஞ்சுக்கு எதிரான உருட்டல்களில் இரண்டு பகடையில் பெரியதை எடுக்க விடும், அவ்வளவுதான். சந்தேகமான விருந்துக்கு முன்னால் குடிக்க வேண்டியது அது. குணமாக்கும் மருந்து போல மாறுவேடம் போடும் அந்த போஷன் ஆஃப் பாய்சனில் திரும்பத் திரும்ப உருட்ட வேண்டியிருப்பதால் அங்கே பின்னால் குடித்தாலும் உதவும்.

உணவையும் நீரையும் சுத்தமாக்கும் மந்திரம் மாயமில்லாதவற்றுக்கு மட்டும். ஐந்தடி ஆரத்துக்குள் இருக்கும் சோறு, தண்ணீருக்கு நல்லது, மாய மருந்தை அது தொடாது.

இரண்டு மருந்துகளைக் கலந்து குடித்தால்?

விருப்ப விதி ஒன்று இருக்கிறது. நூறுக்கு உருட்ட வேண்டும். 1 விழுந்தால் வெடிக்கும், கலந்தவருக்குப் பத்துமுகப் பகடை ஆறு. 100 விழுந்தால் ஒரு மருந்தின் பலன் நிரந்தரம். 2 முதல் 8 வரை விழுந்தால் கலவையே நஞ்சு. பாற்கடலைக் கடைந்தவர்களுக்கு அமுதுக்கு முன்னால் ஆலகாலம்தானே வந்தது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யுங்கள்.

செத்த பாம்பிலிருந்து நஞ்சு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆறுமுகப் பகடை காட்டும் அத்தனை நிமிடம் ஆகும், இயற்கை அறிவு உருட்டலில் 20 வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ குறைந்து தவறினால் அந்த நஞ்சு உங்களையே தாக்கும்.

நான் டி.எம். ஆட்டத்தில் நஞ்சு வைக்கலாமா?

வையுங்கள், ஆனால் கவனித்தவருக்கு அது தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு நஞ்சுக்கும் மூன்று தடயம் வைக்கிறேன்: கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, ஆட்களிடம் ஒன்று. குப்பிக்குள் ஈ விழுந்து கிடக்கும். மூடியைத் திறந்தால் கற்பூரம் போல வாசம் வரும், ஆனால் கோவில் கற்பூரம் இல்லை. விருந்து கொடுப்பவர் தன் கோப்பையை மட்டும் தொட மாட்டார். மூன்றையும் தவறவிட்டவருக்குத்தான் பகடை. ஒரு தடயமும் இல்லாமல் "குடித்தாய், செத்தாய்" என்று சொல்வது ஆடுபவரை ஏமாற்றுவது. எங்கள் மேசையில் இறந்தவரின் கதையை மேலே சொன்னேன்; அன்று நான் வைத்திருந்தது ஒரே ஒரு தடயம். அது போதவில்லை. அன்றிலிருந்து மூன்று.

நிஜ நஞ்சுச் செடிகளின் பெயரை ஆட்டத்தில் சொல்வதில்லை. பிள்ளைகள் இருக்கும் மேசையில் கற்பனைப் பெயரே சரி.

மேசைக்கு நிஜக் குப்பிகள் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே குடிக்கத் தகுந்ததை மட்டும் ஊற்றுங்கள். பழைய மருந்துக் குப்பி, துப்புரவுத் திரவம் இருந்த குப்பி எதையும் கழுவிக்கூடப் பயன்படுத்தாதீர்கள். ஆட்டம் முடிந்த பிறகும் வீட்டில் ஒரு குழந்தை அந்தக் குப்பியைத் தேடிப் போகும். பால், சப்ஜா விதை, அகர் அகர் போட்ட அலூடாவைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால், உள்ளே ஏதோ மிதக்கும் மருந்து தயார். யாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, யாருக்குப் பாதாம் ஆகாது என்று முதலில் கேட்டுவிடுங்கள். போன சனிக்கிழமை சின்னவள் தன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகர்ந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "இனிப்பு, துவர்ப்பு இல்லை, குணமாக்கும் மருந்து இல்லை அத்தை" என்றாள். பிறகு முழுவதையும் குடித்தாள்.